கழுத்துக்கா, கஷ்டத்துக்கா?

2025 அக்டோபரில் சவரன் தொண்ணூறாயிரம் ரூபாயைத் தாண்டிய அதே வாரத்தில், தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு நகைக் கடையின் இரண்டாவது மாடியில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அக்கா, அத்தான், அக்கா மகள், என் மனைவி, நான். கடையில் கொடுத்த பாதாம் பால் ஆறிப் போய் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தது.

அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் சீராக மூன்று சவரனில் ஒரு நெக்லஸ் போடுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்தது மூன்று வருடத்துக்கு முன்னால், சவரன் நாற்பதாயிரத்துக்குள் இருந்தபோது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சரி, அது வேறு கதை.

விற்பனைப் பெண் தட்டுத் தட்டாக எடுத்துப் போட்டார். அன்னம், மாங்காய், மயில், லட்சுமி. அக்காவுக்கு எல்லாமே பிடித்தது. பெண்ணுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கடைசியில் அவள் எழுந்து போய், ஓரத்தில் இருந்த ஒரு சின்ன கவுன்ட்டரைக் காட்டி, “மாமா, எனக்கு இதுதான் வேணும்” என்றாள்.

ரோஸ் கோல்டு. 18 காரட். மெல்லிய கொடி மாதிரி ஒரு நெக்லஸ், நடுவில் ஒரே ஒரு பூ.

அக்கா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “என்னடி இது, செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கின மாதிரி இருக்கு?”

சொல்லப் போனால், மிகத் துல்லியமான வர்ணனை. அந்த நிறம் செம்பிலிருந்துதான் வருகிறது. 18 காரட் என்றால் நூறு கிராமில் 75 கிராம் தங்கம். மீதியில் பெரும் பங்கு செம்பு, கொஞ்சம் வெள்ளி. அவ்வளவுதான் ரோஸ் கோல்டின் ரகசியம். வெள்ளைத் தங்கத்துக்கு மேலே ரோடியம் பூச வேண்டும், தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை கிடையாது. உள்ளேயிருந்தே வரும் நிறம். (ஃபேன்ஸி கடையில் அதே பெயரில் விற்பதெல்லாம் வெறும் முலாம். அதைப் பற்றி நான் பேசவில்லை.)

“நாளைக்கு ஒரு கஷ்டம்னா, இதை பேங்க்ல வைக்க முடியுமா?” என்றாள் அக்கா.

“அம்மா, கல்யாணத்துக்கே இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள என்னை அடகுக் கடைக்கு அனுப்பறியே!”

விற்பனைப் பெண் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அத்தான் செல்போனைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு காரணம். பணம் கொடுப்பவன் நான். அப்புறம், நான் பி.காம். எங்கள் குடும்பத்தில் பி.காம். படித்தவனுக்கு வட்டி, வரி, வாடகை, வரதட்சணை எல்லாவற்றைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, கணக்கைப் பார்த்துவிடுவோம். 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 18 காரட்டில் 75 பங்கு. விலையும் ஏறக்குறைய அதே விகிதம். 22 காரட் நூறு ரூபாய் என்றால் 18 காரட் எண்பத்திரண்டு ரூபாய் சுமார். உள்ளே எவ்வளவு தங்கம் இருக்கிறதோ அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். ஆகவே ‘18 காரட் வாங்கினா நஷ்டம்’ என்பது பாதிப் பால் வாங்கிவிட்டுப் பாதிக் காசு கொடுத்தவன் ஏமாந்தான் என்று சொல்வது மாதிரி.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று சவரன், அதாவது 24 கிராம் நெக்லஸுக்கு 18 சதவிகிதம் சேதாரம் போட்டால் 4.32 கிராமுக்குக் கூடுதலாகப் பணம் கட்டுகிறோம். 22 காரட் கிராம் 11,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆச்சு. அதற்கு மேல் 3 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கடைப் படி இறங்கும்போதே அந்தப் பணம் போயாச்சு. மஞ்சளானாலும் சிவப்பானாலும் போனது போனதுதான். வேலைப்பாடு அதிகமுள்ள 22 காரட் நகையைவிட, சாதாரண வேலை செய்த 18 காரட் நகையில் நஷ்டம் குறைவாகக்கூட இருக்கலாம்.

அடகு வைக்க முடியாது என்பதும் சரியில்லை. தரம் குறைவாக இருந்தால் அதற்குரிய மதிப்பைக் கணக்கிட்டுக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. ஹால்மார்க் முத்திரை 18 காரட்டுக்கும் உண்டு. 750 என்று எண் போட்டிருக்கும், கூடவே ஆறு இலக்க அடையாளக் குறி. 2023 ஏப்ரலிலிருந்து அந்தக் குறி இல்லாமல் விற்க முடியாது. ஆனால் அக்காவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தெருமுனைக் கடைக்காரர் கையில் 18 காரட்டைக் கொடுத்தால், வாங்கி ஒரு தரம் உங்கள் முகத்தையும் ஒரு தரம் நகையையும் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே மதிப்பில் பாதி குறைந்துவிடும். அவசரத்தில் போகிறவனுக்கு விதி பேச நேரமில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் கடையிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அக்கா அதைப் படிக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா கழுத்து உனக்கு ஞாபகமில்லையாடா?”

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நமக்கும் தங்கத்துக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்லிவிட்டு அம்மாவின் கழுத்துக்கு வருகிறேன். தமிழில் ‘மாற்று’ என்றொரு அளவு இருந்தது. உரைகல்லில் உரைத்துப் பார்த்துத் தங்கத்தின் தரத்தைச் சொல்வார்கள். காரட் வந்து அது போய்விட்டது, ஆனால் ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று மனுஷர்களைச் சொல்வது இன்னும் போகவில்லை. மாற்றுக் குறைவு என்றால் நமக்கு ஒழுக்கக் குறைவு மாதிரி. கலப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது. 22 காரட்டிலும் செம்பும் வெள்ளியும் கலந்துதான் இருக்கின்றன, கலக்காத தங்கம் வளைந்துவிடும் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். இத்தனைக்கும் உயர்ந்த தங்கத்துக்குத் தமிழ் வைத்திருக்கிற பெயர் செம்பொன். சிவந்த பொன்! இதை அக்காவிடம் சொன்னால் ‘பத்திரிகைக்காரன் புத்தி’ என்பாள். சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். 1962-ல் சீனப் போர் முடிந்த கையோடு, அன்றைய நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். தங்க மோகத்தையும் கடத்தலையும் அப்படியாவது குறைக்கலாம் என்ற எண்ணம். நடந்தது என்ன? பட்டறைகள் மூடின. நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் வேலை இழந்தார்கள், தற்கொலைகள்கூட நடந்தன. மக்கள் 14 காரட்டைத் தொடவில்லை. 1966-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று தனியாக ஒன்று வந்து 1990 வரை இருந்தது. ஒரு சர்க்காரே போலீஸை வைத்து மிரட்டியும் காரட்டைக் குறைத்துக்கொள்ளாத ஜனங்களின் பேத்திகள் இன்று தாங்களாகவே 18 காரட் கவுன்ட்டரைத் தேடிப் போகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் புழங்கியதால் ‘ரஷ்யத் தங்கம்’ என்றும் பெயர் வாங்கிய நிறம் இது. ஆனால் பாப்பாவுக்கு ரஷ்யாவெல்லாம் தெரியாது. 2015-ல் அந்த நிறத்தில் ஐபோன் வந்தபோது அவள் பத்தாம் வகுப்பு மாணவி. அப்போது விழுந்த ஆசையாக இருக்கலாம்.

அம்மாவின் கழுத்துக்கு வருகிறேன்.

1997. நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்தது. அப்பா வேலை பார்த்த மில்லில் ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை. அக்கா கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நகையைத் தொட முடியாது. பீஸ் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, இரண்டே வார்த்தை சொன்னார். “கழட்டிக் குடு.”

அம்மா அடுப்படிக்குள் போனாள். திரும்பி வரும்போது கழுத்தில் தாலிக்கயிறு மட்டும் இருந்தது. கையில் ரெட்டை வடச் சங்கிலி, ஐந்து சவரன். தாத்தா போட்டது. அவளாகக் கொடுக்க வந்தாள் என்று பல வருடம் நான் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். ‘எங்கம்மா நகையைக் கழட்டிக் குடுத்துப் படிக்க வெச்சாங்க’ என்று மேடையில்கூட ஒரு தடவை சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன். உண்மை அதுவல்ல. அவளிடம் யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை. அப்ளிகேஷனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்த நானும் கேட்கவில்லை.

தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு சந்தில் அடகுக் கடை. அன்றைக்குச் சவரன் மூவாயிரத்துச் சொச்சம். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. முதல் வருடம் வட்டி கட்டினோம். இரண்டாவது வருடம் பாதி கட்டினோம். 1998-ல் நடந்த அக்கா கல்யாணத்தில், மணவறையில் பெண்ணைத் தாரை வார்க்கும்போது அம்மா கழுத்தில் கிடந்தது கவரிங் சங்கிலி. அதைத்தான் அக்கா சொன்னாள். நான் டிகிரி முடித்த வருடம் நகை மூழ்கிப் போய்விட்டது. ‘மூழ்கிப் போச்சு’ என்பது என்ன மாதிரியான வார்த்தை பாருங்கள். யாரோ எடுத்துக்கொண்டது மாதிரியே தெரியாது. ஏதோ ஆற்றில் விழுந்துவிட்டது போல.

இப்போது நீங்களே சொல்லுங்கள். இந்தக் கதையிலிருந்து என்ன பாடம் எடுப்பது? அக்கா எடுத்த பாடம்: நகை என்றால் கஷ்டத்துக்கு உதவ வேண்டும். ரெட்டை வடம் இல்லாவிட்டால் உனக்குப் படிப்பு ஏது, இந்தப் பத்தி எழுதுகிற பிழைப்பு ஏது? மறுக்க முடியாது.

ஆனால் அன்று கடையில் பாப்பா சொன்ன ஒரு வாக்கியம் என் காதிலேயே இருக்கிறது. நாங்கள் கிசுகிசுவென்று பேசிக்கொண்டதை அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாட்டியின் சங்கிலிக் கதை அவளுக்கும் தெரியும்.

“அதனாலதான் மாமா இதைக் கேக்கறேன். அடகு வைக்க வசதியா இல்லாத ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டுமே.”

பெண்ணுக்குப் போடுகிற நகை யாருடையது? சட்டத்தைக் கேட்டால் சந்தேகமே இல்லை. பெண்ணுடையது. 1985-லேயே உச்ச நீதிமன்றம், சீதனம் பெண்ணின் முழுச் சொத்து, புகுந்த வீட்டுக்குப் போனதால் கூட்டுச் சொத்தாகிவிடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024-ல் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலும் அதையே திருப்பிச் சொன்னது. கணவன் கஷ்ட காலத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ மனைவியிடம் திருப்பித் தர வேண்டிய தார்மிகக் கடமை அவனுக்கு உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது என் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் என்னையும் நினைத்துக்கொண்டேன். மகனைப் பற்றித் தீர்ப்பில் ஒன்றும் இல்லை.

சட்டம் ஒரு பக்கம். வீட்டில் நடப்பது வேறு. நகை அவள் கழுத்தில் இருக்கும். ஆனால் அதன் மேல் ஒரு கண் எல்லோருக்கும் இருக்கும். கணவனின் தொழில், மைத்துனனின் வீசா, பிள்ளையின் படிப்பு, மாமியாரின் ஆபரேஷன். இவள் கழுத்து ஒரு ஃபிக்ஸட் டெபாசிட். எப்போது முறிப்பது என்பதை வீட்டில் இருக்கும் ஆண் முடிவு செய்வான். நாம் ‘பெண்ணுக்குப் பாதுகாப்பு’ என்று சொல்லிக் கனமான 22 காரட்டைப் போடும்போது, யாருக்குப் பாதுகாப்பு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ‘நாங்க எதுவும் கேக்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள். 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த நாட்டில் அப்படித்தான் பேச முடியும். பிறகு கல்யாண மண்டபத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து, மணமகள் கழுத்தைக் கண்ணாலேயே தராசில் போடுவார்கள். அந்தத் தராசுக்கு மஞ்சள்தான் தெரியும். ரோஸ் கோல்டு அவர்கள் வாய்ப்பாட்டில் இல்லை.

அதற்காகப் பாப்பா சொல்வதுதான் முழு நியாயம் என்று கைதூக்கிவிட எனக்குத் தைரியமில்லை. அவளுக்கு வேலை இருக்கிறது. பி.எஃப். இருக்கிறது. அவள் பெயரில் பேங்க் அக்கவுன்ட், இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கிறது. நகை நகையாக மட்டும் இருக்கட்டும் என்று சொல்ல முடிகிற இடத்தில் அவள் நிற்கிறாள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் காதில் ஒரு ஜோடிக் கம்மல் உண்டு. வருடத்தில் நாலு மாதம் காதில் இருக்கும், மீதி எட்டு மாதம் பேங்கில். ஜூன் வந்தால் பள்ளிக்கூட பீஸுக்குப் போகும், பொங்கலுக்குத் திரும்பும். அந்த அம்மாளிடம் போய் ‘நகை உன் ஆசைக்கு’ என்று நான் பேசினால் விளக்குமாற்றைத்தான் எடுப்பார். அவருக்கு அந்தக் கம்மல்தான் யாரிடமும் கெஞ்ச வேண்டாத ஒரே சொத்து.

என்னை உறுத்துவது வேறு. அந்த அம்மாள் கம்மலைத் தானே கழற்றி, தானே பேங்குக்கு எடுத்துப் போகிறார். ரசீது அவர் முந்தானையில். என் அம்மா எடுத்துப் போகவில்லை. இரண்டு பேரும் கஷ்டத்துக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒருத்தர் கொடுத்தார், இன்னொருத்தரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. காரட் எவ்வளவு என்று பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அக்கா பயப்படுவது கஷ்டத்துக்கு. பாப்பா பயப்படுவது ‘கழட்டிக் குடு’ என்ற வார்த்தைக்கு. ஒரே சங்கிலியைப் பார்த்து இரண்டு பேருக்கும் இரண்டு பயம்.

என் பங்குக்கு நான் பட்ட சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். பணம் என்னுடையது. என் உழைப்பில் மூன்று சவரன் வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை கிடையாதா? உள்ளுக்குள் ஓடியது இதுதான். சீர் என்று சபையில் வைக்கும்போது ‘மாமன் என்ன போட்டான்’ என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேருக்கு முன்னால் மஞ்சளாக, பளிச்சென்று இருந்தால் எனக்குப் பெருமை. அதாவது, அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு எனக்கு வாங்கப் பார்த்தேன். அப்பா சொன்ன இரண்டு வார்த்தைக்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை என்று தோன்றியபோது கொஞ்சம் வியர்த்தது. ஏ.சி. கடையில்.

“இதையே பில் போடுங்க” என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தான் முதல் முறையாக செல்போனை வைத்துவிட்டு, மீதி நகையெல்லாம் 22 காரட்டில்தானே எடுத்திருக்கிறோம், விடு என்றார். பில் போடப் போன நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணாடி முன்னால் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு நெக்லஸைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி மதுரைக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் அவளுக்குக் கண் ஆபரேஷன் செய்தேன், கிரைண்டர் வாங்கினேன், காசிக்கு அழைத்துப் போனேன். சங்கிலி வாங்கிக் கொடுக்கவில்லை. ‘இந்த வயசுல எனக்கு எதுக்குடா’ என்று அவள் சொன்னதை வசதியாக நம்பிவிட்டேன்.

“அம்மா, அந்த ரெட்டை வடச் சங்கிலி உனக்கு ரொம்பப் பிடிக்குமில்லே?”

“எது? தாத்தா போட்டதா? சே, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதுடா. தாம்புக் கயிறு மாதிரி கனம். கழுத்தெல்லாம் அறுக்கும்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா தொடர்ந்தாள்.

“எனக்குப் பச்சைக் கல் அட்டிகைதான் பிடிச்சது. சின்னதா, மாங்கா போட்டு, நடுவுல ஒரு தொங்கல். கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனப்ப கையில வாங்கிப் பார்த்துட்டேன். தாத்தாதான், கல்லுக்கு எடை போயிடும், வித்தா காசு வராதுன்னுட்டார்.”

எத்தனை மாங்காய் என்று கேட்டேன். ஏழு என்றாள். உடனே சொன்னாள்.

“அது சரி, பாப்பாவுக்கு என்ன எடுத்தே?”

சொன்னேன்.

“செம்புக் கலர்லயா?” சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“போட்டோ இருந்தா அனுப்புடா. பாக்கறேன்” என்றாள்.